மச்சான் செய்துகொண்ட ஆபரேஷன்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் திரும்புகிற மத்தியான டிரிப். நான் கண்டக்டர். வண்டிக்கு மேலே தக்காளிக் கூடைகள். தார் ரோடு உருகி டயரில் ஒட்டுகிற வெயில்.

ரோடு பிரிகிற சேவுகம்பட்டி விலக்கில் ஒரே ஒரு பெண் நின்றாள். காலடியில் தகரப் பெட்டி, இடுப்பில் பிள்ளை. விசில் ஊதி வண்டியை நிறுத்திய பிறகுதான் அது என் அக்கா வேலுத்தாய் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

அக்கா தனியாகப் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. கல்யாணமாகிப் போனவளைப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நான் போய்த்தான் அழைத்து வருவேன். மச்சான் சிவனாண்டி கூடவே வந்து, பெட்டியைத் தன் கையால் ஏற்றிவிட்டு, வண்டி கிளம்பும் வரை நிற்பார். அன்றைக்கு அவரைக் காணோம்.

"திண்டுக்கல்லுக்கு டிக்கெட் போடு தம்பி" என்றாள், யாரோ ஒரு கண்டக்டரிடம் கேட்பது போல.

மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிற வீட்டிலிருந்து வருகிறவள் தலையில் ஒரு பூ இல்லை. செம்பட்டியில் டிரைவர் டீ குடிக்க இறங்கியதும் அவளை வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போய்க் கேட்டேன்.

"முழுகாம இருக்கேன்டா" என்றாள்.

நல்ல செய்திதானே என்று சிரிக்கப்போன வாய் பாதியில் நின்றது. மச்சான் தை மாதமே ஆபரேஷன் செய்துகொண்டவர். இனிப் பிள்ளையே வேண்டாம் என்று போய்ச் செய்துகொண்டவர். இப்போது ஆனி.

"யாரு பிள்ளைன்னு கேக்குறாக" என்றாள் அக்கா. அழவில்லை. இடுப்புப் பிள்ளையின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். செம்பட்டியிலிருந்து திண்டுக்கல் வரை எத்தனை பேருக்குத் தப்பாகச் சில்லறை கொடுத்தேனோ தெரியாது.

ஆம்பளைக்குமா?

இந்தத் தொடரைப் படிக்கிற நண்பர் ஒருவர் போன வாரம் மார்க்கெட்டில் என்னை மறித்து, "பஸ்ஸில் கேட்ட பேச்சாக எழுதுகிறீரே, உம் வீட்டுக் கதையே கிடையாதா?" என்றார். இருக்கிறது. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். சம்பந்தப்பட்டவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மிச்சமிருக்கிற என் அக்காவே "எழுதுடா, என்ன இப்ப" என்று சொல்லிவிட்டாள்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஊர் ஊராக ஜீப்பில் வந்து, பள்ளிக்கூடச் சுவரில் படம் காட்டி, ஆண்களுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எட்டாவது தாண்டாதவன். எனக்கு உலக விஷயம் எல்லாம் பயணிகள் சொல்லித்தான். அவர்கள் சொன்னதைக் கேட்டால் குலை நடுங்கும்.

"காளைக்கு அடிக்கிற மாதிரி ஆம்பளைக்கும் காயடிக்கிறாகளாம்ல."

"அப்புறம் மீசை முளைக்காதாம்."

"ஒனக்கு முளைச்சு என்னத்தக் கிழிச்ச?"

ஒருநாள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கீரைக்காரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இம்புட்டு வருசமா எங்க வயிறு கிழிஞ்சப்ப ஒருத்தனும் வாயத் தொறக்கல. ஒங்களுக்கு ஒரு கீறல்னதும் பஸ்ஸே அழுகுது."

அப்படிப்பட்ட ஆபரேஷனைத்தான் என் மச்சான் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னார். பஸ் ஸ்டாண்டில், வெற்றிலை பாக்குக் கடை ஓரமாக நின்று சொன்னார். எனக்கு வாயில் இருந்த வெற்றிலை இறங்கவில்லை.

காரணம் இருந்தது. அக்காவுக்கு ஐந்தாவது பிரசவம் திண்டுக்கல் ஆஸ்பத்திரியில். ரத்தம் நிற்காமல் போய், பிழைத்தது மறு பிழைப்பு. டாக்டரம்மா மச்சானைக் கூப்பிட்டு, "இன்னொரு பிரசவத்தை இந்தம்மா உடம்பு தாங்குமான்னு தெரியல. இவங்களுக்கு இப்ப வயித்தைத் திறந்து ஆபரேஷன் பண்ணவும் எனக்குத் துணிச்சல் இல்லை. நீங்க பண்ணிக்கலாமே" என்றார்களாம்.

மச்சான் எனக்கு விளக்கிச் சொன்னார். மரத்துப்போக ஒரு ஊசி. விதைப் பையில் சின்னதாக ஒரு கீறல். விதை வருகிற குழாயைக் கத்தரித்து இரண்டு முனையையும் கட்டிவிடுவார்கள். காயடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மீசை, குரல், தெம்பு, ஆசை எல்லாம் அப்படியே இருக்கும். பிள்ளை மட்டும் உண்டாகாது.

"ஆனா ஒண்ணு மாப்ள. பண்ணிட்டா பண்ணுனதுதான். நாளைக்கு மனசு மாறிப் பிள்ளை வேணும்னா திருப்பி ஒட்டுறது நிச்சயம் இல்லையாம். நல்லா யோசிச்சுட்டு வாங்கன்னு டாக்டரம்மா திருப்பி அனுப்பிட்டாக."

"யோசிச்சீகளா மச்சான்?"

"அவ கெடந்த கெடையப் பாத்தேன்ல. அதுக்கு மேல என்னத்த யோசிக்க?"

ஆபரேஷனுக்குக் கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் வருகிறேன் என்றேன். "ஒனக்கு டூட்டி. எங்க அப்பன் வாராரு" என்றார். இது எனக்கு இரண்டாவது அதிர்ச்சி.

மாட்டிடம் பேசுகிற மாமா

மச்சானின் அப்பாவை நான் மாமா என்பேன். வீரணன் என்று பேர். அந்த வீட்டில் அப்பனும் மகனும் முகத்துக்கு முகம் பேசி யாரும் பார்த்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மரியாதை. தோளுக்கு மிஞ்சிய மகனோடு நேராகப் பேசுவது அவர்கள் பக்கத்து வழக்கமில்லை.

மகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமானால் மாமா தன் மனைவியைப் பார்த்து, "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்பார். மச்சான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பார். மனைவி இல்லாவிட்டால் மாட்டைப் பார்த்து, "மேக்காட்டுப் பாத்தியில தண்ணி ஏறலை, யாரும் பாக்கல போல" என்பார். மச்சான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போவார். எங்கள் பக்கத்தில் அப்படி நிறைய வீடுகள் அன்றைக்கு உண்டு. சிரிப்பாக இருக்கும். பிறகு ஒருநாள் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று.

போனார்கள், வந்தார்கள். மச்சான் கத்தியைப் பார்த்த பயத்திலேயே கிறுகிறுத்துப் படுத்துவிட்டாராம். கவனிப்பு விவரம் எல்லாம் மாமாதான் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒப்பித்தார்: பாரம் தூக்கக் கூடாது. சைக்கிள் மிதிக்கக் கூடாது. புண் ஆறும் வரை தண்ணீர் படக் கூடாது. மூன்று மாதம் வாயைக் கட்ட வேண்டும்.

அத்தை, அதாவது அக்காவின் மாமியார், கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிரசவித்தவளுக்குக்கூட அப்படிப் பத்தியம் பார்த்திருக்க மாட்டார். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, பூசணி ஆகாது. மச்சான் மூன்று மாதம் சுட்ட பூண்டும் மிளகு ரசமுமாகத் தின்று தீர்த்தார். நான் போயிருந்தபோது, "மாப்ள, ஒரு துண்டு கருவாட்டப் பைக்குள்ள ஒளிச்சுக் கொண்டாந்திருக்கக் கூடாதா" என்றார்.

புண் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. பத்து நாளில் மாடு பூட்டிக் கமலை இறைத்தார். ஊர்க்காரர்கள் விடவில்லை. கிணற்றடியில் ஒருவன், "சிவனாண்டி அண்ணே, இனி ஒங்களைப் பொண்டுக பக்கத்துல பயமில்லாம ஒக்கார வைக்கலாம்ல" என்பான். மச்சான் மீசையைத் தடவிச் சிரிப்பார். அக்கா என்னிடம் ஒருமுறை, "எனக்காக இத்தனை பேச்சுக் கேக்குறாருடா" என்று சொல்லிக் கண் கலங்கினாள்.

அந்த மச்சான்தான் அக்காவைத் தகரப் பெட்டியோடு ரோட்டுக்கு அனுப்பினார்.

சூடம்

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏத்தா, நெசந்தானா?"

"எது நெசமா? வயித்துல இருக்கது நெசம். அவுக பிள்ளைங்கிறது நெசம். நீயும் கேக்குறியேம்மா, அதுதான் எனக்குப் பொய் மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. அம்மா முறத்தைக் கீழே வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை.

மச்சானின் பங்காளி ஒருவர் என் பஸ்ஸிலேயே ஏறி வந்து செய்தி சொன்னார். வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலில் வைத்து அக்கா சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் வீட்டில் சேர்த்துக்கொள்வார்கள். செய்யாவிட்டால் அறுத்துவிடுவதுதான், உறவே கிடையாது. மூத்த நாலு பிள்ளைகளும் அந்த வீட்டில்.

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லுகிற சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவர்கள் குடும்பம் விளங்காது என்ற பயம். அக்கா மனதில் களங்கம் இல்லை. அணைத்துவிடுவாள், முடிந்தது என்று தைரியமாகத்தான் கூட்டிப் போனேன்.

உச்சி வெயில். மண்ணில் நட்ட அரிவாள்கள். வேப்ப மரத்து நிழலில் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர். மச்சான் குத்துக்காலிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். மாமா கடைசியில், தூணோடு தூணாக.

அத்தை வெற்றிலையில் சூடம் வைத்துக் கொளுத்தினார். "அணைச்சிட்டு வாத்தா. எனக்கு என்ன ஒன்மேல கோவமா?" என்றார். அந்தம்மா குரலும் நடுங்கத்தான் செய்தது.

அக்கா சூடத்தைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"அணைக்க மாட்டேன்."

சுற்றி ஒரு முனகல்.

"என்னடி சொல்ற?" என்றார் அத்தை.

"அஞ்சு பெத்தப்ப யாரும் சூடம் கொளுத்தல. இப்ப நான் அணைச்சா, சந்தேகப்பட்டது நாயம்னு நானே சொன்ன மாதிரி ஆகிடும். கூடப் படுத்தவரு அங்கன ஒக்காந்திருக்காரு. அவரைக் கேளுங்க."

பெண்பிள்ளை ஒருத்தி அப்படிச் சபையில் பேசி நான் கேட்டதில்லை. "கேட்டீகளா பேச்சை? கை கூசுது, அதான்" என்று ஒருவர் எழுந்தார். மச்சான் தலை இன்னும் கீழே போயிற்று. அக்காவின் வாழ்வு என் கண் முன்னே முடிந்துபோனது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் மாமா வந்தார். யாரையும் பார்க்கவில்லை. நேரே நடந்து வந்து உள்ளங்கையை விரித்துச் சூடத்தின் மேல் அடித்தார். அணைந்தது. கையை எடுக்காமல் சொன்னார்:

"அது எங்க வீட்டுப் பிள்ளைதான். எனக்குத் தெரியும்."

நல்லது நடந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். ஒரு மூச்சுத்தான் விட்டிருப்பேன்.

"அதெப்படி ஒமக்குத் தெரியும்?" என்றார் எழுந்து நின்ற பங்காளி.

அந்தக் கேள்வி மெல்ல மெல்ல ஒவ்வொரு முகமாக இறங்கியதை நான் பார்த்தேன். மருமகள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றி மாமனாருக்கு எப்படித் தெரியும்? அத்தை வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார். மச்சான் எழுந்துவிட்டார். அவர் கண் மண்ணில் நட்டிருந்த அரிவாள் பக்கம் போனது. அக்கா ஆடிப்போய் என் தோளைப் பிடித்தாள்.

மாமாவுக்கும் அது புரிந்துவிட்டது. அந்த முகத்தை என்னால் எழுத முடியாது. மகன் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கிறான். அப்போதும் அவர் மகனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"மருமகனே. ஆசுபத்திரியில டாக்டர் எங்கிட்ட ஒண்ணு சொல்லிவிட்டாரு. அறுத்த அன்னைக்கே பலன் கிடையாதாம். மூணு மாசத்துக்கு... பொண்டாட்டிகிட்டப் போகக் கூடாதாம். இல்லாட்டி உறை மாட்டிக்கிறணுமாம். அப்புறமா வந்து சோதிச்சுப் பாத்துட்டுத்தான் எதுவும்னாரு. மகன்கிட்டச் சொல்லிருங்கன்னாரு."

"சொன்னீகளா மாமா?" என்றேன்.

"எந்த அப்பன் இத மகன்கிட்டச் சொல்லுவான்? அவன் ஆத்தாகிட்டச் சொல்லலாம்னா அவகிட்டயும் நாக்கு எழல. பாரம் தூக்காத, வாயக் கட்டுன்னு சொல்லிவச்சேன். மூணு மாசம் பத்தியத்துல கெடந்தா எல்லாத்துக்கும் சேத்து ஒதுங்கியிருப்பான்னு நெனச்சேன்."



அத்தைதான் பேசினார். "அவளைப் பெட்டியோட அனுப்புனப்பக்கூடவா ஒங்களுக்கு நாக்கு எழல?"

மாமா கரி படிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொலை செய்யத் துணிகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், பஸ்ஸிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லக் கூசி ஒரு குடும்பத்தையே கொன்றுவிடப் பார்த்த நல்ல மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தத் திகைப்பு இத்தனை வருஷத்தில் குறையவில்லை.

நேரில் வந்து சொல்லுங்க

மச்சான் அக்கா அருகில் வந்தார். "வா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"நான் வரல. நீங்க ஆசுபத்திரிக்குப் போங்க. தனியாப் போங்க. அந்த டாக்டர் என்ன சொல்றாரோ ஒங்க காதால கேட்டு, ஒங்க வாயால எங்கிட்ட வந்து சொல்லுங்க. ஆள் விட்டுச் சொல்லாதீக" என்று சொல்லிவிட்டு, அக்கா ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அடுத்த வாரம் வந்தார். அம்மா எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். "நீங்களும் இருங்கத்தே" என்றார். உட்காரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொல்ல ஆரம்பித்தார். காது இரண்டும் சிவந்திருந்தது.

"டாக்டர் ஏசிட்டாரு. சோதனைக்கு ஏன் வரலன்னாரு. மடைய அடைச்சாலும், அதுக்குக் கீழ வாய்க்கால்ல நிக்கிற தண்ணி பாஞ்சுதானய்யா தீரும், அந்தத் தண்ணியில பயிர் வெளஞ்சா அது வேற யாரு பயிருன்னு கேட்டாரு. கட்டுனதுக்கு அங்கிட்டு, குழாயில ஏற்கெனவே இருந்த வெதை அது. முழுசாக் கழிய மூணு மாசம் ஆகும், சில பேருக்குக் கூடவும் ஆகுமாம். நாம அந்த மாசத்துலயே..." அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாம ஒண்ணா இருந்தோம். நேத்து எடுத்துக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியில வச்சுப் பாத்தாரு. இப்ப ஒண்ணும் இல்லையாம். இனிமே பயமில்லைன்னாரு."

அம்மா சேலையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். இப்படி ஒரு பேச்சை மாமியார் முன்னால் ஒரு மனிதர் பேசுவாரா என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா மட்டும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்குறேன். அன்னைக்குக் கோயில்ல மாமா எந்திரிக்காம இருந்திருந்தா?"

மச்சான் நிலைப்படியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒன்ன விட்டிருப்பேன்" என்றார்.

பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குப் பதறியது. அக்காவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான். பஸ்ஸில் வராத, கோயிலில் வராத தண்ணீர்.

"பிள்ளை பிறக்கட்டும். அப்புறம் பாப்போம்" என்றாள்.

பிரசவ நாளுக்கு வெகு முன்பே டாக்டரம்மா அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். மச்சான் ரத்தம் கொடுத்தார். நாங்கள் எல்லாரும் வெளி வராந்தாவில் நின்றோம். மாமா கேட்டுக்கு வெளியே, வேலியோரமாக நின்றார், உள்ளே வரவில்லை. பையன். இருவரும் பிழைத்தார்கள்.

முன்சீட்டு

மூன்றாம் மாதம், அக்காவைக் கூட்டிப்போக மச்சான் வந்தார். "சரி, நாலு பிள்ளைக அங்கன இருக்கே" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாள். முகத்தில் தெளிவில்லை.

என் வண்டியில்தான் போனார்கள். அக்கா முன்னால் பெண்கள் சீட்டில், மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் ஐந்தாவது. மச்சான் இரண்டு சீட் தள்ளிப் பின்னால். சந்தை நாள். வண்டி நிறைய ஆள்.

செம்பட்டியில் ஏறிய ஒருவர், மச்சானுக்குத் தெரிந்தவர், கம்பியைப் பிடித்து நின்றபடி குழந்தையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். வண்டி முழுக்கக் கேட்கிற குரலில், "என்னப்பா சிவனாண்டி, அறுத்துக்கிட்ட பின்னாடியும் பிள்ளையா? எந்தச் சாமி வரம்?" என்றார்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்காவின் பிடரி விறைத்தது எனக்குத் தெரிந்தது. அந்த ஆளை இறக்கிவிட விசிலை வாயில் வைத்தேன்.

மச்சான் எழுந்தார். சட்டையைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கப் பேசினார்.

"ஆமா, அறுத்துக்கிட்டேன். அறுத்த அன்னைக்கே பிள்ளை நின்னுறாது. மூணு மாசம் தள்ளி இருக்கணும், இல்ல உறை போடணும். அப்புறம் ஆசுபத்திரிக்குப் போய்ச் சோதிச்சுக்கிறணும். எங்களுக்கு அது தெரியல, நாங்க தள்ளி இருக்கல. தப்பு எம்மேல. அவமேல சொன்னதும் தப்பு, அதுவும் எம்மேல. இங்க யாராச்சும் பண்ணிக்கிறதா இருந்தா டாக்டர்கிட்ட நீங்களே நேராக் கேட்டுக்கங்க. வேற ஒண்ணும் கெடுதி இல்ல. நான் தோட்டம் துரவு பாத்துக்கிட்டு நல்லாத்தான் இருக்கேன்."

டிரைவரே வண்டியை மெதுவாக்கிவிட்டார். பெண்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கேட்டவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். நான் விசிலை வாயில் வைத்தபடியே நின்றேன். ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

அக்கா திரும்பினாள். ஏறினதிலிருந்து அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். குழந்தையைத் துணியோடு இரண்டு கையாலும் தூக்கி, இடையில் இருந்த சீட்டுக்காரர்கள் தலைக்கு மேலாக நீட்டினாள்.

"கை கடுக்குது. இந்தாங்க, ஒங்க பிள்ளையப் பிடிங்க" என்றாள்.